செத்த கோழிகளைப் புதைத்தவருக்குக் காய்ச்சல்: பறவைக் காய்ச்சலா?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டுக்கோழிகள் ஆறும் 3 நாளில் செத்துவிட்டன. கணவர் வெறுங்கையால் எடுத்துப் புதைத்தார். அது நடந்து 5 நாளாகிறது. நேற்றிலிருந்து அவருக்குக் காய்ச்சல், இருமல். மெடிக்கலில் அசித்ரோமைசினும் டெக்ஸாவும் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கோழிகளின் முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கும் வருமா? தடுப்பூசி போடலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கணவரை இன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முகக்கவசம் போட்டுவிடுங்கள். ஓ.பி. வரிசையில் நிற்கும் முன்பே, "5 நாள் முன்பு செத்த கோழிகளைக் கையால் எடுத்தார்" என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாவிட்டால் இதுவும் ஒரு சளிக்காய்ச்சலாகத்தான் போகும்.

கோழிகள் வெள்ளைக்கழிச்சலில் செத்திருக்கலாம், இவருக்கும் சாதாரண ஃப்ளூவாக இருக்கலாம். ஆனால் நோய்ப்பட்ட கோழியைத் தொட்ட 10 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் ஊகித்துக்கொண்டு உட்காரக் கூடாது. பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் ஒட்டிக்கொள்ளும் செல்கள் நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால் மற்றவருக்கு எளிதில் பரவுவதில்லை; தொற்றியவருக்கோ நிமோனியா வேகமாக முற்றும். பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டினாலோ, இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்து ஓசெல்டாமிவிர். பெரியவர்களுக்கு வழக்கமாக 75 மி.கி., தினம் 2 வேளை, 5 நாள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். தொண்டைச் சளி மாதிரியின் முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்; எனவே இதையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

டெக்ஸா ஒரு ஸ்டீராய்டு; அதை உடனே நிறுத்துங்கள்! காய்ச்சலை அமுக்கிக் காட்டும், உள்ளே வைரஸ் பெருக வழிவிடும். அசித்ரோமைசின் வைரஸைக் கொல்லாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும்.

நன்றாக வெந்த முட்டையால் பயமில்லை, 70 டிகிரிச் சூட்டில் வைரஸ் செத்துவிடும். பச்சைக் கறிதான் ஆபத்து: 2025-இல் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இறந்த 2 வயதுக் குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றிருந்தது. வழக்கமான ஃப்ளூ ஊசி இதைத் தடுக்காது. பிள்ளைகளை 10 நாள் கவனியுங்கள். காய்ச்சலோ இருமலோ கண் சிவப்போ வந்தால் உடனே காட்டுங்கள்.

கோழிகள் செத்ததைக் கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூண்டைப் பெருக்கவே வேண்டாம். காய்ந்த எச்சத்தின் தூசி மூச்சில் ஏறும்.