பழைய கலியாண வீடியோ கசற்றை இப்போது போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். முதலில் கசற்றின் கண்ணாடி வழியே டோர்ச் அடித்து நாடாவைப் பாருங்கள். யாழ்ப்பாணத்து மாரி ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்த கசற்றில் வெள்ளைத் தூள் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். அதை டெக்கில், அதாவது கசற் ஓட்டும் கருவியில், போடவே வேண்டாம். நாடாவைப் படிக்கும் ஹெட் அழுக்காகும், அடுத்த கசற்றுக்கும் தொற்றும், நாடா ஒட்டி அறுந்தும் போகலாம்.

சுத்தமாக இருந்தால், ஒருமுறை கடைசிவரை வேகமாக ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றிய பிறகே பிளே அழுத்துங்கள். படம் கறுப்பு வெள்ளையாக உருள்கிறதா? கசற் பழுதென்று எறியாதீர்கள், பதிவு முறை வேறாக இருக்கலாம். கனடா உறவுகள் அனுப்பியது என்.டி.எஸ்.சி (NTSC) முறை, படத்துக்கு 525 கோடு. இலங்கையில் பாவித்தது பால் (PAL) முறை, 625 கோடு. இரண்டும் ஓடும் டெக் வேண்டும்.

கணினிக்கு மாற்றும்போது பால் கசற்றை 720×576 அளவில், வினாடிக்கு 25 ஃபிரேமாகப் பதியுங்கள். கடைசிவரை தாக்குப்பிடித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் டெக் செய்வதை நிறுத்திவிட்டது. ஓடுகிற டெக்கைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.