எட்டடிப் பலகையில் ஊட்டி ரயில் ஏறாது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பலகைமேல் மாடல் ரயில் பாதை, அதாவது லே-அவுட், போடுகிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அளவே இல்லை. அறை எத்தனை அடி, பலகை எத்தனை அடி, எந்த கேஜ் (தண்டவாள இடைவெளி) என்று எதையும் எழுதாமல் ‘என் லே-அவுட் ஏன் சரியாக ஓடவில்லை?’ என்று கேட்டால் ஜாதகம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அளவோடு எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொண்டேன்.

எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று சும்மா கிடக்கிறது. அறைச் சுவரோடு ஒட்டிப் போடலாம் என்றிருக்கிறேன். ஹெச்.ஓ. (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) அடங்குமா? (கோபிசெட்டிபாளையம்)

18 அங்குல ஆர வளைவில் ஓர் ஓவல், வண்டி ஒதுங்கி நிற்க ஒரு சைடிங், சின்ன ஸ்டேஷன் ஒன்று அடங்கும். அதற்குமேல் ஆசை இருந்தால் இன்னும் சிறிய என்-கேஜுக்குப் போங்கள். பலகை 12 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். அடியில் ஒன்றேகால் அடிக்கு ஒரு ரீப்பர் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் நடுப்பகுதி தொய்ந்துவிடும். சுவரோடு ஒட்டுவது மட்டும் கூடாது. நாலடிக்கு அந்தப் பக்கம் பெட்டி தடம் புரண்டால் எப்படி எடுப்பீர்கள்? கை இரண்டரை அடிக்குமேல் எட்டாது. கால்களுக்குச் சக்கரம் வைத்து, இழுத்துத் திருப்பும்படி செய்யுங்கள். கைக்கு எட்டாத இடத்தில் பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) வைக்காதீர்கள் என்று மாதாமாதம் எழுதுகிறேன். இந்த மாதமும் எழுதியாயிற்று.

வீட்டுக்குப் பின்னால் தறி ஓடுகிறது. புது எஞ்சின் இரண்டே மாதத்தில் முனக ஆரம்பித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இன்னும் மோசமானது. (சோமனூர்)

ஆகத்தானே செய்யும்! எஞ்சினைக் கவிழ்த்து வைத்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். அச்சைச் சுற்றிப் பஞ்சு இழை, பாவு நூல்போல இறுக்கிச் சுற்றியிருக்கும். அதைச் சின்னக் குறடால் இழை இழையாக எடுங்கள். இழுத்து அறுத்தால் பாதி உள்ளே போய்ப் பல்சக்கரத்தில் சிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் வீட்டிலேயே உறைவதைப் பார்த்ததில்லையா? பிளாஸ்டிக்கைப் பாதிக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் நிற்கும் அளவு போதும். மிஞ்சிய எண்ணெய் பஞ்சை வா வா என்று அழைக்கும். ஓட்டாத நேரத்தில் லே-அவுட்டின் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போடுங்கள். பழைய போர்வை போடாதீர்கள், அதிலிருந்தும் பஞ்சுதான் உதிரும்.

கார் பேட்டரியும் 12 வோல்ட், ரயிலும் 12 வோல்ட். நேரடியாகக் கொடுக்கலாமா? (தாராபுரம்)

கூடாது. பெட்டி ஒன்று தடம் புரண்டு ஷார்ட் ஆனால், கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். வயர் எரியும், பலகையும் எரியலாம். ஷார்ட் ஆனதும் தானே அணையும் கன்ட்ரோலர்தான் வேண்டும்.

ஊட்டி ரயிலைச் செய்ய ஆசை. எட்டுக்கு நாலில் மேட்டுப்பாளையம், கல்லாறு, குன்னூர், ஊட்டி நான்கும் வர வேண்டும். முன்னால் எஞ்சின், பின்னால் எட்டுப் பெட்டி. எப்படி ஏற்றுவது? (கோவை)

இதே கேள்வி மூன்று ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. கோயமுத்தூர்க்காரர்களே இப்படிக் கேட்டால் வெளியூர்க்காரரை என்ன சொல்வது? மலை ரயிலில் ஒருமுறையாவது போனீர்களா, அல்லது பாட்டுக் காட்சியில் பார்த்ததோடு சரியா? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் முன்னால் இருப்பதில்லை. பின்னால், பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறது. முன்பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்பவர் பிரேக்ஸ்மேன். பெட்டிகளும் மூன்று நான்குதான், எட்டு அல்ல.

அடுத்தது ஏற்றம். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இரட்டைப் பல்பட்டை, ஒன்றின் பல்லும் மற்றதன் பல்லும் முன்பின்னாக அமைந்தது. அங்கே ஏற்றம் ஏறத்தாழ 12க்கு 1, அதாவது 12 அடி போனால் 1 அடி உயரம். நம் பலகையில் சாதாரண எஞ்சின் நாலைந்து பெட்டியோடு ஏறுவது 40க்கு 1, மிஞ்சினால் 33க்கு 1. எட்டடிப் பலகையின் முழு நீளத்துக்கும் 12க்கு 1 கொடுத்தால் 20 செ.மீ. உயரும். பாதி வழியிலேயே சக்கரம் நின்ற இடத்தில் சுழலும். பல்பட்டை வைத்த மாடல்களை ஐரோப்பாவில் பேமோ, ஃபிளைஷ்மன் போன்றவர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் அவை ஸ்விட்சர்லாந்து, ஜெர்மனி பாணி வண்டிகள், நம் மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் எஞ்சின் அல்ல.

நிஜப் பாதை 46 கி.மீ., 16 குகை, 200க்கு மேல் வளைவு, சுமார் 250 பாலம். 1899இல் குன்னூர் வரை வந்த ரயில் ஊட்டிக்குப் போய்ச் சேர 1908 ஆயிற்று. அதை ஒரு பிளைவுட்டில் அடக்கப் பார்க்கிறீர்கள். நான்கு ஸ்டேஷனும் வைத்தால் நான்குக்கும் நடுவே ஒரு முழம் தண்டவாளம்தான் மிஞ்சும். அது ரயில் பாதையாக இருக்காது, நவராத்திரி கொலுவாக இருக்கும்.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தை மட்டும் செய்யுங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ் அகலப் பாதையில் காலையில் வந்து நிற்கும். பக்கத்திலேயே மீட்டர் கேஜில் மலை ரயில் புறப்படக் காத்திருக்கும். இரண்டு கேஜும் ஒரே ஸ்டேஷனில்! ஹெச்.ஓ. என்றால் அதற்கு 16.5 மி.மீ. தண்டவாளம், இதற்கு 12 மி.மீ. அங்கிருந்து பவானிப் பாலத்தைத் தாண்டிக் கல்லாறு பாக்குத் தோப்பு வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். அதுவரை பல்பட்டை தேவையில்லை. மலையைப் பின்சுவரில் வரைந்துவிடுங்கள். ஊட்டி அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கட்டும்.

சேரன் எக்ஸ்பிரஸ் 20 பெட்டியோடு ஓட வேண்டும். ஐ.சி.எஃப். (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டியின் மாடல் கிடைத்துவிட்டது. ஓவல் லே-அவுட், எட்டுக்கு நாலு. (ஈரோடு)

பெட்டியின் நிஜ நீளம் 21 மீட்டர் சொச்சம். ஹெச்.ஓ.வுக்கு 87ஆல் வகுத்தால் 25 செ.மீ. இருபது பெட்டி 5 மீட்டர். உங்கள் ஓவலின் மொத்தச் சுற்றளவே ஐந்தரை மீட்டர்தான் வரும். எஞ்சினையும் சேர்த்தால் அது தன் கடைசிப் பெட்டியின் வாலை முகர்ந்துகொண்டே ஓடும். ஐந்து பெட்டி போதும். வாங்குவதற்கு முன் அளந்திருந்தால் பதினைந்து பெட்டியின் பணம் மிச்சம்.

மின்சார எஞ்சினுக்கு மேல்கம்பி அவசியமா? (ஈரோடு, வேறொருவர்)

ஓடுவதற்கு அவசியமில்லை, மின்சாரம் தண்டவாளத்திலிருந்தே வருகிறது. ஆனால் மின்சார எஞ்சின் ஷெட் உள்ள ஊர்க்காரர் கம்பியில்லாமல் ஓட்டினால் நாலு பேர் கேட்பார்கள். கம்பமாவது நடுங்கள்.

வண்டி தானே திரும்பி வர, பாதையின் கடைசியில் ஒரு வளையம் போட்டுப் பழைய பாதையிலேயே சேர்த்தேன். இணைத்ததும் கன்ட்ரோலர் அணைகிறது. கடைக்காரர் கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார். (நாமக்கல்)

மாற்றாதீர்கள், அது ஒழுங்காக வேலை செய்வதால்தான் அணைகிறது. வளையம் சுற்றி வந்து சேரும் இடத்தில் இடது தண்டவாளம் வலதைத் தொடுகிறது. அதுதான் ஷார்ட். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் இணைப்பு போட்டுத் துண்டியுங்கள். வளையத்துக்கு ஒரு சுவிட்ச், வெளிப்பாதைக்கு மின்முனை மாற்றும் சுவிட்ச் ஒன்று. வண்டி வளையத்துக்குள் இருக்கும்போது வெளிப்பாதையின் முனைகளை மாற்ற வேண்டும். துண்டித்த பகுதி வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். இதையும் அளக்கத்தான் வேண்டும்.

பாலஸ்டுக்கு (தண்டவாளத்தைச் சுற்றிப் போடும் ஜல்லி) ஆற்று மணல் போடலாமா? (கரூர்)

மணல் ஜல்லிபோலத் தெரியாது, உருண்டையாக இருக்கும். கருங்கல் தூளை டீ வடிகட்டியில் சலித்து, மேலே தங்குவதை எடுங்கள். எதைப் போட்டாலும், ஒட்டும் முன் தாளில் பரப்பி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தை மேலே ஓட்டுங்கள். கறுப்புத் துகள் மீசை மீசையாக ஒட்டும். அது மோட்டார் காந்தத்துக்குள் போனால் எஞ்சின் கதை முடிந்தது. பிறகு ஃபெவிகாலுக்குச் சம அளவு தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்புத் திரவம் சேர்த்துச் சொட்டு மருந்துக் குழாயால் விடுங்கள். பாயிண்டின் நகரும் பகுதிக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

மாடியில் தகரக் கூரை அறை. மார்கழியில் போட்ட பாதை சித்திரையில் நெளிந்துவிட்டது. (பல்லடம்)

எல்லா இணைப்பையும் சால்டர் செய்திருப்பீர்கள். மூன்றடிக்கு ஒரு இணைப்பையாவது சால்டர் இல்லாமல் அரை மி.மீ. இடைவெளியோடு விடுங்கள். மின்சாரத்துக்கு அந்தந்தத் துண்டுக்குத் தனி வயர் கொடுங்கள். தகரத்துக்கு அடியில் தெர்மோகோல் அடிப்பதும் நல்லது, முதலில் உங்களுக்கு, பிறகு ரயிலுக்கு.

துருப்பிடித்ததுபோல் கறுக்கும் தண்டவாளத்தை எமெரித் தாளால் தேய்க்கிறேன். (பவானி)

நிறுத்துங்கள். அந்தக் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு தங்குகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய வேட்டித் துணி போதும். தீ பக்கத்தில் வேண்டாம்.

ஹெச்.ஓ. லே-அவுட்டில் தென்னந்தோப்பு வைத்தேன். எங்கள் ஊர்த் தோப்பு மாதிரியே இல்லை. (பொள்ளாச்சி)

நீங்கள் அனுப்பிய படத்தில் மரம் ரயில் பெட்டியின் கூரை உயரம்தான் இருக்கிறது. அது குட்டை ரகமாக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம். வளர்ந்த நெட்டை மரம் ஹெச்.ஓ.வில் ஒரு சாண் உயரம் வர வேண்டும். முறுக்கிய கம்பிமேல் நூல் சுற்றித் தண்டு, நடுநரம்புக்கு மெல்லிய கம்பி ஒட்டி ஓரம் நறுக்கிய காகிதம் மட்டை. எல்லா மரமும் விறைப்பாக நிற்கக் கூடாது, நாலில் ஒன்று லேசாகச் சாயட்டும். காய்க்குக் கடுகு வையுங்கள், சற்றுச் சிறிதானாலும் கண்ணுக்குச் சரியாக இருக்கும். மிளகு வைத்தால் அந்த அளவில் பலாப்பழமாகத் தெரியும். எதை வைத்தாலும் மேலே வார்னிஷ் ஒரு கை, இல்லாவிட்டால் அறுவடையை எறும்பு முடித்துவிடும்.