எல்லாருக்கும் ஒரே அளவுக் கல்தானா?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் இறந்த என் தாத்தாவின் அண்ணன் பெயர் இம்பால் போர்க் கல்லறையில் இருக்கிறது. எங்கள் செலவில் அங்கே பெரிய கல்லாக வைக்கலாமா?
- வாசகி, கம்மவான்பேட்டை, வேலூர்

பதில்: முடியாதும்மா. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர் கேட்கும்போது இப்படிச் சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் காரணம் நல்ல காரணம். 1917-இல் பிரிட்டிஷ் பேரரசின் போர்வீரர் கல்லறைகளுக்காக அமைந்த போர்க் கல்லறை ஆணையம் (இப்போது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம், CWGC), அதிகாரியோ சிப்பாயோ, பணக்காரரோ ஏழையோ, எல்லாருக்கும் ஒரே மாதிரி நினைவுக்கல்தான் என்று முடிவெடுத்தது. வழக்கமான கல் 2 அடி 8 அங்குல உயரம், 1 அடி 3 அங்குல அகலம், அதில் படைப்பிரிவின் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த தேதி. சொந்தக் கல் வைக்க அனுமதித்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மண்டபமும் கூலிக்காரர் மகனுக்கு வெறும் மண்மேடும் என்றாகியிருக்கும், அதைத்தான் தடுத்தார்கள்.

அப்புறம் ஒன்று. இந்து, சீக்கிய வீரர்கள் பலரைத் தகனம் செய்ததால் அவர்களுக்குத் தனிக் கல் இருக்காது, இம்பாலில் தகன நினைவிடத்தில் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். உங்கள் பெரிய தாத்தாவின் பெயரும் அங்கே இருக்கலாம். ஆணையத்தின் இணையதளத்தில் படை எண்ணைப் போட்டுத் தேடுங்கள், பழைய பென்ஷன் காகிதத்தில் அந்த எண் இருக்கும். பெரிய கல்தான் வேண்டும் என்றால் உங்கள் ஊரிலேயே, சொந்த நிலத்தில் தாராளமாக வையுங்கள்.