ஹெச்எஸ்பி, ஏடிஹெச்டி, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு ‘ஹோலிஸ்டிக் ட்ராமா தெரபி’ உண்மையிலேயே உதவுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: சின்ன வயதிலிருந்தே ‘தொட்டாச்சிணுங்கி’ என்று பெயர், சத்தமும் கூட்டமும் ஆகாது. இணையத்தில் படித்து ஹெச்எஸ்பி (எதையும் மிகையாக உணர்கிறவர்) என்று நீங்களே புரிந்துகொண்டீர்கள். போன வருடம் மனநல மருத்துவர் ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு) என்று உறுதி செய்தார். வீட்டிலும் பள்ளியிலும் பட்டது இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது, ஆனால் அதையெல்லாம் ட்ராமா, அதாவது ஆறாத மனக்காயம், என்று சொல்லலாமா என்று தயக்கம். உடலையும் மனதையும் சேர்த்துக் குணப்படுத்தும் ஹோலிஸ்டிக் ட்ராமா தெரபி என்று ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. போகலாமா, அம்மாவிடம் என்ன சொல்வது?

போகலாம். எனக்கு உதவியது. நான் ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்த ஆள். முப்பதைத் தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. தெரபிஸ்ட் கிடையாது, சிகிச்சை எடுத்துக்கொண்டவள், அவ்வளவுதான். ஆனால் ‘ஹோலிஸ்டிக்’ என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அதைப் பார்க்காதீர்கள். எது காயம், எது உங்கள் நரம்பின் இயல்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரா என்பதை மட்டும் பாருங்கள்.

என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். எவர்சில்வர் பாத்திரம் சிங்க்கில் விழும் சத்தம் எனக்கு எப்போதுமே ஆகாது. யார் போட்டாலும் சரி, எவ்வளவு சந்தோஷமான நாளாக இருந்தாலும் சரி, பல்லைக் கடிக்க வைக்கும். இன்னொன்று, இரும்பு கேட்டின் கொண்டிச் சத்தம். அது பெரிய சத்தமே இல்லை. ஆனால் சாயங்கால வேளையில் கேட்டால் வயிறு சுருண்டுவிடும், மூச்சு நெஞ்சிலேயே நிற்கும், கையில் இருப்பதை ஒளித்து வைக்கத் தோன்றும். அப்பா ஆபீசிலிருந்து என்ன மூடில் வருகிறார் என்பதை அந்தக் கொண்டியைத் தள்ளும் வேகத்தை வைத்துத்தான் நாங்கள் கணிப்போம்.

என் தெரபிஸ்ட் இரண்டையும் தனித்தனியாக எடுத்தார். பாத்திரச் சத்தத்துக்கு இயர்பிளக், சிங்க்கில் ஒரு ரப்பர் விரிப்பு. முடிந்தது, அதில் அழ ஒன்றுமில்லை. கொண்டிச் சத்தத்துக்கு இயர்பிளக் வேலைக்கு ஆகாது. பதற்றம் கூடத்தான் செய்யும், ஏனென்றால் ஆள் வருவது காதில் விழாமல் போய்விடுமே! ட்ராமா சிகிச்சை தேவைப்பட்டது இதற்குத்தான்.

இதைப் பிரிக்கத் தெரியாதவர்கள் இரண்டு விதமாகப் படுத்துவார்கள். சிலர் எல்லாவற்றையும் ட்ராமா ஆக்கிவிடுவார்கள். டியூப்லைட் கண்ணை உறுத்துவதும், சட்டைக் காலரில் லேபிள் குத்துவதும் கூட அடிமனக் காயமாம். உள்ளே ஆறினால் வெளியே சரியாகிவிடுமாம். ஆகாது. காயம் ஆறிய பிறகும் லேபிள் குத்தும், கத்தரித்துப் போட வேண்டியதுதான். வேறு சிலர் நேர் எதிர்: “உங்க மூளை அப்படித்தான், ஏத்துக்கங்க” என்று கொண்டியையும் ஆட்டிசம் கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டிலும் மாட்டியிருக்கிறேன்.

ஹெச்எஸ்பி பற்றி ஒரு விஷயம். அமெரிக்க உளவியலாளர் எலைன் ஆரன் 1996-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய பெயர் அது. மக்களில் 15 முதல் 20 சதவீதம் பேர் இந்த ரகம் என்பது அவர் கணக்கு. அது ஒரு குணக்கூறு. மருத்துவக் கையேடுகளில் நோயாகவோ குறைபாடாகவோ கிடையாது. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு), ஒலி, ஒளி, தொடுகையை மிகையாகவோ குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் ஒரே ஆளுக்கு இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டதும் அந்தப் பதிப்பில்தான். நம் ஊரில் நம் வயதுப் பெண்பிள்ளைகளை, அதிலும் ரேங்க் வாங்கியவர்களை, யார் சந்தேகப்பட்டார்கள்? உங்களுக்கு ஏடிஹெச்டி உறுதியாகிவிட்டது, சத்தமும் கூட்டமும் ஆகாது என்கிறீர்கள். ஆட்டிசத்துக்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்வேன். பெரியவர்களுக்குப் பார்ப்பவர்கள் இங்கே குறைவு. தேடித்தான் பிடிக்க வேண்டும்.

‘அடி உதை, விபத்து எதுவும் இல்லையே, இது ட்ராமாவா?’ என்ற தயக்கத்துக்கு வருகிறேன். பிடிஎஸ்டி (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனஅழுத்தக் கோளாறு) என்று எழுத டிஎஸ்எம்-5 கேட்பது கண்டிப்பான கணக்கு: மரண ஆபத்து, படுகாயம், பாலியல் வன்முறை. வகுப்பில் தினமும் கேலிக்கு ஆளானதும், அழுததற்காகவே மறுபடி திட்டு வாங்கியதும் அதில் வராது. ஆனால் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இங்கிலாந்தில் நடந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தக் கணக்கில் வராத நிகழ்வுகளுக்குப் பிறகும் பலரிடம் பிடிஎஸ்டி அறிகுறிகள் இருந்தன. அதே வருடம் இஸ்ரேலிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் 32 சதவீதம் பேருக்கு பிடிஎஸ்டி இருக்க வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஒப்பிட்ட மற்றவர்களிடம் 4 சதவீதம். சின்ன ஆய்வுதான், குழுவுக்கு 25 பேர். எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், திசை தெரிகிறது அல்லவா! உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அது, நீண்ட காலம் தப்ப முடியாமல் பட்டவர்களுக்கென்று ‘சிக்கலான பிடிஎஸ்டி’யைத் தனியாகவே வைத்திருக்கிறது.

சிகிச்சை எப்படி இருக்கும்? அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வகுத்துத் தந்த வரிசையைத்தான் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகளைத் தொடுவது, பிறகு மனிதர்களோடு மறுபடி சேர்வது. நம் போன்றவர்களுக்கு முதல் கட்டம் மற்றவர்களை விட நீளும், நீள வேண்டும். எனக்கு அது பேச்சிலேயே தொடங்கவில்லை, அறையிலிருந்து தொடங்கியது. டியூப்லைட்டை அணைத்து டேபிள் லேம்ப் போட்டார். ரூம் ஸ்ப்ரேயை எடுத்து வெளியே வைத்தார். ஏசியின் முனகலை நிறுத்திவிட்டு ஃபேன். நேர் எதிரே இருந்த நாற்காலியைத் திருப்பி, இருவரும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் போட்டார். கண்ணைப் பார்த்துப் பேசு என்றால் என் மூளையில் பாதி ‘சரியாகப் பார்க்கிறேனா’ என்பதிலேயே செலவாகிவிடும். மீதியை வைத்துக்கொண்டு சிறுவயதைப் பற்றி என்னத்தைப் பேசுவது? அடுத்த வாரம் எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது முந்தைய நாளே வாட்ஸப்பில் வந்துவிடும். வாய் அடைத்துப்போனால் டைப் அடித்துக் காட்டலாம். இவ்வளவு சின்ன விஷயங்கள்தான். இவை இல்லாத இடங்களில், ஒரு மணி நேரமும் ‘நார்மலாக’ நடித்துவிட்டுப் பணம் கட்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

தூக்கம், சாப்பாடு, மாத்திரை எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் ஒழுங்குக்கு வரும். ஏடிஹெச்டிக்கு மருந்து எடுக்கிறீர்கள் என்றால் தெரபிஸ்டும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்துவிடுங்கள். படபடப்பு மருந்தாலா, பழைய நினைவாலா என்று குழம்ப வேண்டாம்.

உடல்வழி சிகிச்சை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, “இந்த உணர்வு உடம்புல எங்க தெரியுது?” எனக்கு எங்கேயும் தெரியாது. ஒத்துழைக்காமல் அடம் பிடிக்கிறேன் என்று ஒருவர் குறிப்பு எழுதியதும் உண்டு. உணர்ச்சியை அடையாளம் கண்டு சொல்ல வராத இந்த நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு. என் தெரபிஸ்ட் கேள்வியையே மாற்றினார். ஒரு தாளில் வரிசையாக இருக்கும்: கை சூடா, குளிரா? தாடை இறுக்கமா? பசியா? பாத்ரூம் போகணுமா? வெறும் டிக். என்னுடைய ‘இனம் புரியாத பதற்றத்தில்’ நிறைய நேரம் பாத்ரூம்தான் காரணம் என்று தெரிந்தபோது இருவரும் சிரித்துவிட்டோம். அந்தத் தாளை வைத்துப் பழகிய பிறகுதான், கொண்டிச் சத்தத்துக்கு முதலில் இறுகுவது வயிறு, மூச்சு இரண்டாவதுதான் என்பதே எனக்குப் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு அதில் வேலை செய்ய முடிந்தது.

பெரிய ஆதாரம் உள்ள முறைகள் என்றால் ட்ராமாவை மையமாக வைத்த சிபிடி (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழகும் பேச்சு சிகிச்சை), ஈஎம்டிஆர். பிடிஎஸ்டிக்கு இந்த இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. ஈஎம்டிஆரில் நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு, இடமும் வலமும் நகரும் விரலைக் கண்ணால் தொடரச் சொல்வார்கள். கண்ணுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கையிலோ முழங்காலிலோ மாற்றி மாற்றித் தட்டலாம், கையில் அதிரும் சின்னக் கருவியும் உண்டு. நான் தட்டுவதைத் தேர்ந்தெடுத்தேன், அதையும் நானே தட்டிக்கொள்வேன். இன்னொருவர் கை படுவது ஆகாது. சுற்றுகள் குட்டியாக, இடையில் தண்ணீர் குடித்துக்கொண்டு.

யோகாவும் உதவலாம். தீராத பிடிஎஸ்டி உள்ள பெண்களிடம் அமெரிக்காவில் வாரம் ஒரு வகுப்பு வீதம் 10 வாரம் நடத்திப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. பாதிப் பேருக்கு மேல் முடிவில் பிடிஎஸ்டி வரையறைக்குள் வரவில்லை, ஒப்பீட்டுக் குழுவில் ஐந்தில் ஒருவர்தான். ஆனால் அந்த யோகா வேறு: ஆசிரியர் தொட மாட்டார், கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்த மாட்டார், எந்த நிலையையும் பாதியில் விடலாம். நம் தெரு மாஸ்டர் பின்னாலிருந்து வந்து முதுகை அழுத்துவாரே, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்பின் உணர்வுகளைக் கவனித்துச் செய்யும் பீட்டர் லெவினின் சோமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பலருக்குப் பிடிக்கிறது, ஆதாரம் இன்னும் மெலிவுதான். மூளையிலிருந்து இதயம், வயிறு வரை போகும் வேகஸ் நரம்பை மீட்டமைக்கிறோம் என்று படம் வரைந்து காட்டுபவர்களிடம் எனக்கு நம்பிக்கை கம்மி. பயம், நிதானம் எல்லாவற்றையும் அந்த நரம்பை வைத்து விளக்கும் பாலிவேகல் கோட்பாட்டையே உடலியல் அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. ஈரத் துண்டை முகத்தில் வைத்தால் எனக்கு நிதானம் வருகிறது. அதற்குக் கோட்பாடு எதற்கு?

தவிர்க்கச் சொல்வது வாரயிறுதி ‘ஹீலிங்’ முகாம்களை. ஒன்றுக்குப் போயிருந்தேன். டிரம் சத்தம், சாம்பிராணிப் புகை, கண்ணை மூடி அப்பா அம்மாவை நினைத்துக் கத்தி அழச் சொன்னார்கள், கடைசியில் எல்லோரும் எல்லோரையும் கட்டிப்பிடிக்க வேண்டும். வீடு திரும்பிய பிறகு எனக்குப் பேச்சே வரவில்லை. போனில் கேட்டால் “உள்ளே தேங்கினது ரிலீஸ் ஆகுது, நல்லது” என்றார்கள். அது ஷட்டவுன், தாங்க முடியாமல் போனதும் உள்ளே எல்லாம் அணைந்துபோவது. முதல் கட்டமே இல்லாமல் இரண்டாம் கட்டத்துக்குள் தள்ளினால் இப்படித்தான் ஆகும்.

விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு முதலில் ஒரு மெசேஜ் அனுப்புங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கேட்டால் தர வேண்டும். ஹீலர், கோச் என்று போட்டுக்கொள்ள எந்தப் பதிவும் தேவையில்லை. ஆட்டிசம், ஏடிஹெச்டி உள்ள பெரியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா, விளக்கு, வாசனையை மாற்ற முடியுமா, எழுதிப் பேசலாமா, ஒரு நாள் நடந்ததைச் சொல்ல விருப்பமில்லை என்றால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். “சொன்னாதான் குணமாகும்” என்றால் வேறு இடம் பாருங்கள். ‘பத்து செஷன் பேக்கேஜ், முன்பணம்’ என்றாலும்.

காசுதான் பெரிய தொல்லை. உடல் நோய்க்கு என்ன காப்பீடோ அதே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, நடைமுறையில் வாராந்திர தெரபிக்கு பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. நான் வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டேன். பாதகமில்லை, நடுவில் அசைபோட நேரம் கிடைத்தது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

அம்மாவிடம் “தூக்கம் சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன்” என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. ட்ராமா என்று ஆரம்பித்தால் “நாங்க என்ன குறை வெச்சோம்?” என்று அழுகை தொடங்கும், நீங்கள்தான் சமாதானம் செய்துகொண்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு என்றாவது பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. என் வீட்டில் இன்னும் தூக்க டாக்டர்தான்.