நாய்க்கு ஆர்.ஓ. தண்ணீரா, போர் தண்ணீரா?

வெயில் ஏறியதிலிருந்து வரும் கடிதங்களில் பாதி தண்ணீர் பற்றித்தான். ஃபில்டர் எது வாங்கலாம், கேன் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது நாய்க்கும் பூனைக்கும் மீனுக்குமாகக் கேட்கிறார்கள். ஒரே பொருளாக இருப்பதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது லேப்ரடார், எடை 30 கிலோ. போர் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 1,400. நாங்கள் ஆர்.ஓ. குடிக்கிறோம். நாய்த் தீனி வாங்கும் கடைக்காரர், “ஆர்.ஓ. கொடுத்தால் நாய்க்கு எலும்பு தேயும், போர் தண்ணீரே கொடுங்கள், அதில்தான் சத்து” என்கிறார். என் கணவர் அதற்கென்று தனியாகக் கேன் வாட்டர் போடலாம் என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, வேளச்சேரி

பதில்: இருவர் சொல்வதும் வேண்டாம். நீங்கள் குடிப்பதையே அதற்கும் ஊற்றுங்கள்.

கடைக்காரர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாய்க்குச் சுமாராகக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் ஒரு நாளைக்கு வேண்டும். உங்கள் லேப்ரடார் ஒன்றரை முதல் 1.8 லிட்டர் குடிக்கும். கடினமான போர் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், தண்ணீர் வழியாக அதற்குப் போவது 150, 180 மில்லிகிராம். அந்த எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவையானதோ ஒன்றரை கிராமுக்கு மேல். அது தீனியிலிருந்துதான் வந்தாக வேண்டும். வளரும் குட்டிக்கு வெறும் தயிர்சாதமும் எலும்பில்லாத கோழிக்கறியுமாகப் போட்டு வளர்த்தால் எலும்பு வளையத்தான் செய்யும். அந்தப் பழியை ஆர்.ஓ. மெஷின் மேல் போடக்கூடாது.

அதற்காக 1,400 டிடிஎஸ் தண்ணீர் விஷமும் அல்ல. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, மனிதர்களுக்கே 500 வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆடு மாடுகளுக்குச் சொல்லப்படும் அளவு அதைவிடத் தாராளம். அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த நாய் பழகிப்போயிருக்கும். ஊர் மாறி வந்த நாய்க்குத்தான் நாலு நாள் வயிற்றால் போகும். ஆகவே நல்ல தண்ணீர் தீர்ந்துபோன ஒரு நாள் போர் தண்ணீர் குடித்துவிட்டதே என்று பதற வேண்டாம். தினமும் அதையே கொடுக்கக் காரணமும் இல்லை.

என் வீட்டில் மூன்று வகைத் தண்ணீரும் உண்டு. 250 ரூபாய்க்கு வாங்கிய டிடிஎஸ் பேனாவை டம்ளர் டம்ளராக முக்கிப் பார்த்தேன். ஆர்.ஓ. 58, மெட்ரோ வாட்டர் 310, போர் 1,260. ஆர்.ஓ. மெஷினின் இன்னொரு குழாயில் வழிகிறதே, அந்தக் கழிவுத் தண்ணீர் 1,840. இந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். வீணாகிறதே என்று அதை வாளியில் பிடித்து வீடு துடைக்க வைப்போம். வாளி நாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். அதை மூடி வையுங்கள். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீர் மூன்றையும் மூன்று கிண்ணத்தில் எங்கள் மணியின் முன் வைத்தேன். மூன்றையும் மோந்து பார்த்துவிட்டு நேரே செடிக்கு வைத்திருந்த பக்கெட்டில் வாயை வைத்தான். நாயின் நாக்கைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது என்று அன்று தெரிந்தது.

அந்தப் பேனா ஒன்றைத்தான் சொல்லும்: கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு. கிருமியைச் சொல்லாது. சாக்கடை கலந்த மெட்ரோ வாட்டரும் 310 என்றே காட்டலாம். உங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர் வருகிறதென்றால் அதைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தால் நாய்க்குத் தாராளமாகப் போதும். டிடிஎஸ் 500-க்குக் கீழ் உள்ள இடத்தில் ஆர்.ஓ.வையே தடை செய்யச் சொல்லி 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது நினைவிருக்கலாம். குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்தால் அடங்கிவிடும்.

கேன் விஷயத்தில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. நாய் மட்டும் குடித்தால் 20 லிட்டர் கேன் தீரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். திறந்த கேனை இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடுவது நல்லது. வெயில் படும் பால்கனியில் வைத்த கேனின் உட்பக்கம் பச்சையாக ஒரு மெல்லிய படலம் படர்வதை டார்ச் அடித்துப் பாருங்கள், புரியும். வீட்டுக்கே கேன்தான் என்றால் சீல், தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் இருக்கிறதா பார்த்து வாங்கி, அதிலிருந்தே நாய்க்கும் ஊற்றுங்கள். நாய்க்கென்று தனிக் கேன் காசுக்குக் கேடு.

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டியதாகிவிட்டது. படிகம் சேர்ந்திருப்பதாக டாக்டர் சொன்னார். நாங்கள் கொடுப்பது சிறுவாணித் தண்ணீர் மட்டுமே. உப்புத் தண்ணீரால்தானே கல் வரும்? இனி பாட்டில் மினரல் வாட்டர் வாங்கிக் கொடுக்கட்டுமா? – வாசகர், கோவை

பதில்: சிறுவாணி குடித்தும் கல்லா என்று நீங்கள் கேட்பதிலேயே விடை இருக்கிறது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்றால் உங்கள் பூனைக்கு வந்திருக்கவே கூடாது. பூனைகளுக்குப் படிகம் சேரப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் நம் கையில் இருக்கும் பெரிய காரணம், அது போதுமான தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் கெட்டிப்படுவது. எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் உள்ளே போகிறது என்பதுதான் கேள்வி.

பூனை வறண்ட நிலத்தில் வேட்டையாடி வாழ்ந்த மிருகத்தின் வழி வந்தது. இரையிலிருந்தே பெரும்பாலான தண்ணீரை எடுத்துக்கொள்ளும் உடம்பு. அதற்குத் தாகம் மந்தம். நாம் என்ன செய்கிறோம்? ஈரமே இல்லாத மொறுமொறு தீனியைக் கொட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைக்கிறோம். நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தீனியும் சேர்த்துச் சுமார் 200 மில்லி வேண்டும். 50 கிராம் உலர் தீனியில் இருக்கும் தண்ணீர் 5 மில்லிதான். கடையில் 85 கிராம் பாக்கெட்டில் குழம்போடு வரும் ஈரத் தீனியில் கிட்டத்தட்ட 65, 70 மில்லி. அந்தப் பாக்கெட் இரண்டு கொடுத்தாலே பாதிக்கு மேல் கணக்கு தீர்ந்தது. விலை கட்டாது என்றால் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழியையோ அந்தத் தண்ணீரோடு பிசைந்து கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகவே ஆகாது. தினசரி எந்தத் தீனி என்பதை மட்டும் டியூப் போட்ட டாக்டரே முடிவு செய்யட்டும். எந்த வகைப் படிகம் என்பது அவருக்குத்தான் தெரியும். வகைக்குத் தகுந்தபடி தீனி மாறும்.

மினரல் வாட்டருக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் இன்னும் இரண்டு கிண்ணம் வாங்குங்கள். எவர்சில்வர் அல்லது பீங்கான். வாய் அகலமாக, மீசை இடிக்காமல் இருக்கட்டும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அந்தக் கீறலில் கிருமி குடியேறும். சில பூனைகளுக்கு முகவாய்க்கட்டையில் கரும்புள்ளியாகப் பருவே வந்துவிடும். கிண்ணங்களைத் தீனித் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல், மணல் தட்டுக்கு அருகிலும் வைக்காமல், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள். சில பூனைகள் ஓடும் தண்ணீரைத்தான் குடிக்கும். உங்களுடையது குழாயடியில் போய் உட்காரும் ரகம் என்றால் மட்டும் மோட்டார் வைத்த நீரூற்றுக் கிண்ணம் வாங்கலாம். வாங்கும் முன் அதன் ஃபில்டர் தனியாகக் கிடைக்குமா, எத்தனை வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும், என்ன விலை என்று கேளுங்கள். கிண்ணத்தின் விலையை ஃபில்டரில் வசூல் செய்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஆண் பூனை மணல் தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, ஒன்றும் வராமல் திரும்பினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கேள்வி: “செல்லப்பிராணிகளுக்கான அல்கலைன் தண்ணீர்” என்று ஒரு பாட்டில் இணையத்தில் விற்கிறது. வாங்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம். அதனால் நாய்க்கோ பூனைக்கோ நன்மை என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் கிடையாது. பூனைகளில் அடிக்கடி வரும் ஒரு வகைக் கல், சிறுநீர் காரத்தன்மையாக இருக்கும்போதுதான் சேரும். அப்படியிருக்கக் காரத்தைக் காசு கொடுத்து வாங்குவானேன்? பாட்டிலில் “சிறுநீரக நோய் தீரும்” என்ற மாதிரி எதுவும் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்குத் தண்டனை உண்டு.

கேள்வி: எங்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். இந்தப் பக்கம் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்கள். காய்ச்சிக் கொடுத்தால் நாய்க்குப் போதுமா? – வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே இந்தத் தொல்லையால்தான். அந்தக் குழாய்த் தண்ணீர் உங்கள் தெருவுக்கு வந்தால் குடிக்க, சமைக்க, நாய்க்கு வைக்க அதையே பயன்படுத்துங்கள். கிணற்றுத் தண்ணீர் துவைக்கவும் குளிக்கவும் இருக்கட்டும். ஃபுளோரைடுக்கு ருசியும் வாடையும் கிடையாது, டிடிஎஸ் பேனாவும் தனியாகக் காட்டாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, 1.5-க்கு மேல் கூடாது. மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நாய்க்காகக் கேட்டீர்கள், வீட்டில் பல் முளைக்கும் வயதில் குழந்தை இருந்தால் அதற்காகவே முதலில் பாருங்கள்.

கேள்வி: தொட்டியில் கப்பி மீன் வளர்க்கிறேன். குழாய்த் தண்ணீரில் செத்துப்போயின. சுத்தமாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. ஊற்றினேன், அதிலும் சாகின்றன. – ஒன்பதாம் வகுப்பு மாணவர், மதுரை

பதில்: தம்பி, இரண்டு முறையும் வேறு வேறு காரணம். குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரின்; நமக்குக் கிருமியைக் கொல்கிறது, மீனுக்குச் செவுளை அரிக்கிறது. ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வை, காற்றுக் குழாய் போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரம் என்றால் மீன் கடையில் ஹைப்போ என்று வெள்ளைப் படிகம் தருவார்கள், அவர்கள் சொல்லும் அளவு போடு. ஆர்.ஓ.வில் பிரச்சினை நேர் எதிர். அதில் உப்பே இல்லை. கப்பி கொஞ்சம் கடினமான தண்ணீரை விரும்பும் மீன். உப்பில்லாத தண்ணீரில் அமிலத்தன்மை சட்டென்று ஏறி இறங்கும், மீன் தாங்காது. உனக்கு ஆறவைத்த குழாய்த் தண்ணீர்தான் சரி. ஒரேயடியாகத் தொட்டியைக் காலி செய்து நிரப்பாதே. வாரம் ஒரு முறை கால் பங்கு மட்டும் மாற்று.

கேள்வி: எங்கள் பச்சைக்கிளிக்கு எந்தத் தண்ணீர் நல்லது? – வாசகர், செங்கல்பட்டு

பதில்: 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள். தண்ணீரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: எங்கள் பெண் நாய்க்கு எட்டு வயது, 18 கிலோ. கருத்தடை செய்யவில்லை. ஒன்றரை மாதம் முன்பு பருவத்துக்கு வந்தது. பத்து நாளாகத் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறது, சாப்பாடு குறைந்துவிட்டது. ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருப்பதால் தாகம் அடங்கவில்லையோ? வேறு தண்ணீர் மாற்றலாமா? – வாசகி, தாம்பரம்

பதில்: இந்தக் கடிதத்தை மட்டும் மற்றக் கடிதங்களோடு சேர்த்துவைக்காமல் பிரித்த அன்றே அவருக்குப் போன் செய்தேன். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளக்கச் சொன்னேன். “அளக்கவே வேண்டாம், ஒரு லிட்டர் பாட்டிலில்தான் ஊற்றுகிறேன், இரண்டரை பாட்டில் போகிறது” என்றார். அந்த எடைக்கு ஒரு லிட்டர் சொச்சம் சரி. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால், அதாவது அந்த நாய்க்கு 1.8 லிட்டரைத் தாண்டினால், அது நோயின் தாகம். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று பல இருக்கலாம். ஆனால் கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய் பருவம் முடிந்து சில வாரங்களில் இப்படிக் குடித்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கருப்பையில் சீழ் கட்டுவதை. வெளியே சீழ் வடியாமலே உள்ளே கட்டியிருக்கலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள், எந்தத் தண்ணீர் என்றும் யோசிக்காதீர்கள், இன்றைக்கே ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்றேன். அன்று இரவே ஆபரேஷன் ஆனது. இப்போது ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் குடிக்கிறதாம், அதே ஆர்.ஓ. தண்ணீர்தான்.