சாசரின் பச்சையான கதைகள்: மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

ஜெஃப்ரி சாசர் 1387ஆம் ஆண்டு வாக்கில் எழுதத் தொடங்கி, 1400இல் இறந்தபோது முடிக்காமல் விட்டுச் சென்ற, கேன்டர்பரிக்குப் புனிதப் பயணம் போகிறவர்கள் வழியில் கதை சொல்வதாக அமைந்த 'கேன்டர்பரி கதைகள்' நூலை நீண்ட காலமாக ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். அதிலுள்ள விரசமான கதைகளைப் பற்றித் தயங்காமல் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே உள்ளன.

கேள்வி (இளங்கலை இரண்டாமாண்டு மாணவி): அம்மா, எங்களுக்குப் பொது முன்னுரை மட்டுமே பாடம். 'மில்லர் கதை'யை நானாகப் படித்து அதிர்ந்து போனேன். பின்புறத்தில் முத்தமிடுவதும் சூடு போடுவதும் எப்படிப் பெரிய இலக்கியமாகும்?

பதில்: அந்தக் கதை எந்த இடத்தில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். அதற்கு முன்னால், ஏதென்ஸ் நகரில் ஒரே பெண்ணுக்காகப் போரிடும் இரண்டு வீரர்களின் கதையை நைட் என்ற படைவீரப் பெருமகன் மிகுந்த கம்பீரத்துடன் சொல்லி முடிக்கிறார். அடுத்து ஒரு துறவி பேச வேண்டிய நேரத்தில், குடிபோதையில் இருக்கும் மில்லர், அதாவது மாவு ஆலைக்காரன், குறுக்கிட்டு, நைட்டுக்குச் சரிக்குச் சரியாக ஒரு கதை சொல்வேன் என்கிறான். ஒரு பெண்ணும் அவளை விரும்பும் இரண்டு இளைஞர்களும் என்ற அதே அமைப்பு, ஆக்ஸ்போர்டில் ஒரு தச்சனின் வீட்டுக்குள் இறங்கி வருகிறது.

நோவா காலத்து வெள்ளம் மீண்டும் வரப்போகிறது என்று தச்சன் ஜானை நம்ப வைத்து, கூரையில் கட்டிய தொட்டிக்குள் அவனைத் தூங்க விட்டுவிட்டு, மாணவன் நிக்கோலஸ் தச்சனின் மனைவி ஆலிசனோடு இருக்கிறான். இது ஒரு சரடு. ஜன்னலுக்கு வெளியே முத்தம் கேட்டு நின்று ஏமாந்த இன்னோர் இளைஞன் அப்சலன், பழுக்கக் காய்ச்சிய கலப்பை இரும்போடு திரும்பி வருவது மற்றொரு சரடு. சூடுபட்ட நிக்கோலஸ் "தண்ணீர்!" என்று அலறுகிறான். வெள்ளம் வந்துவிட்டது என்று எண்ணிய ஜான் கயிற்றை அறுத்துக்கொண்டு கீழே விழுந்து கையை முறித்துக்கொள்கிறான். ஒரே ஒரு சொல் இரண்டு சரடுகளையும் முடிச்சிடுகிறது. அப்சலன் வாயு பிரிவதை அருவருப்பவன் என்று அவனை அறிமுகப்படுத்தும்போதே சாசர் சொல்லி வைத்திருப்பதையும், ஜன்னலடியில் அவன் பேசும் தேன், லவங்கப்பட்டை போன்ற கொஞ்சல் சொற்கள் விவிலியத்தின் உன்னதப்பாட்டை எதிரொலிப்பதையும் கவனித்தீர்களானால், விரசத்தை நீக்கிவிட்டு இந்தக் கதையைச் சொல்ல வழியே இல்லை என்பது புரியும்.

கேள்வி (முதுகலை மாணவர்): இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தால் போதாதா?

பதில்: கதையோட்டத்தைப் பிடித்துக்கொள்ளப் போதும், நெவில் காக்ஹில்லின் 1951ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதற்கு நல்ல துணை. ஆனால் நகைச்சுவையின் பெரும்பகுதி சிலேடையில் இருக்கிறது. நிக்கோலஸ் ஆலிசனைத் தொடும் இடத்தில் 'குவெய்ண்ட்' என்ற சொல் அடுத்தடுத்த இரண்டு வரிகளின் இறுதியிலும் வருகிறது. முதல் வரியில் அதற்குச் சாதுரியம் மிக்கவர் என்று பொருள், அடுத்த வரியில் பெண்ணின் அந்தரங்க உறுப்பு. அதேபோல் நிக்கோலஸுக்குத் திரும்பத் திரும்பச் சூட்டப்படும் 'ஹெண்ட்' என்ற அடைமொழி பண்பாளன், கைதேர்ந்தவன், பக்கத்திலேயே இருப்பவன் என மூன்று பொருள் தந்து, கதை நகர நகர நிறம் மாறுகிறது. எந்த மொழிபெயர்ப்பும் இதில் ஒன்றைத்தான் தர முடியும். மூலத்தை வாய்விட்டுப் படியுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இடைக்கால ஆங்கில அகராதி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. மாணவர் பதிப்புகளின் அருஞ்சொற்பொருள் பட்டியல் நாசூக்காகப் பேசுகிறது என்று தோன்றினால், அங்கே சென்று பாருங்கள்.

கேள்வி: இப்படி எழுதியவர் சாசர் ஒருவர்தானா?

பதில்: இல்லை. பிரெஞ்சு மொழியில் 'ஃபாப்லியோ' எனப்படும் இத்தகைய கதைகள் ஏறத்தாழ 150 எஞ்சியிருக்கின்றன; சாசர் அந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டார். அதற்கும் முன்னே, பத்தாம் நூற்றாண்டின் 'எக்ஸிடர் நூல்' என்ற பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதியில் இரட்டைப் பொருள் தரும் விடுகதைகள் உள்ளன. நிமிர்ந்து நிற்பது, அடியில் மயிர் கொண்டது, குடியானவனின் மகள் பற்றிப் பிடித்ததும் அவள் கண்ணை நனைய வைப்பது எது? வெங்காயம். 1072இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் இந்த நூலைத் தம் எக்ஸிடர் தேவாலயத்துக்கு அளித்தார், இன்றும் அங்கேயே இருக்கிறது. இடைக்காலச் சமயவாழ்வு சிரிப்பையே அறியாதது என்ற எண்ணத்தோடு வரும் மாணவருக்கு நான் முதலில் கொடுப்பது இந்த விடுகதையைத்தான்.

கேள்வி (முதுகலை மாணவி): 'ரீவ் கதை'யில் எனக்குச் சிரிப்பு வரவில்லை, அம்மா. என் வாசிப்பில் குறையா?

பதில்: குறையே இல்லை. டிரம்பிங்டனில் மாவைத் திருடும் ஆலைக்காரனைப் பழிவாங்க, இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரவில் அவன் மகளையும் மனைவியையும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள், அவள் உணர்ந்தபோது கூச்சலிடக் காலம் கடந்துவிட்டது என்று வரியே சொல்கிறது. அதற்குச் சற்று முன் ஆலின் என்ற மாணவன், ஒரு வகையில் நட்டப்பட்டவன் மற்றொரு வகையில் ஈடு பெறலாம் என்று சட்டம் பேசுகிறான். திருடப்பட்ட மாவுக்கு ஈடாக ஒரு பெண்ணைக் கணக்கில் வைக்கும் பேச்சு இது. இதைச் சொல்பவர் ரீவ், அதாவது தச்சுத் தொழில் கற்ற பண்ணைக் காரியஸ்தர். தச்சனை இழிவுபடுத்திய ஆலைக்காரன்மீது கொண்ட கோபத்தில் சொல்கிறார். இந்த வரிகளை எடுத்துக்காட்டி, உங்களுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்பதைக் கட்டுரையாகவே எழுதுங்கள். 'அந்தக் காலம் அப்படி' என்ற ஒற்றை வாக்கியத்தால் கடந்து செல்லும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

கேள்வி: சாசர் மீதே வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டு இருந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: செசிலி ஷாம்பெய்ன் என்ற பெண் 'ராப்டஸ்' தொடர்பான வழக்குரிமையிலிருந்து சாசரை விடுவித்த 1380ஆம் ஆண்டு ஆவணம் உண்டு. அந்த இலத்தீன் சொல் கவர்ந்து செல்வதையும் குறிக்கும், வன்புணர்ச்சியையும் குறிக்கும். 2022இல் யூவன் ரோஜரும் செபாஸ்டியன் சொபெக்கியும் வெளியிட்ட ஆவணங்களின்படி, செசிலி தம் பணியை விட்டுச் சாசரிடம் சேர்ந்ததாக அவரது முன்னாள் எஜமானர், செசிலி, சாசர் ஆகிய இருவர் மீதும் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்திருக்கிறார். ஆகவே பழைய ஊகத்தை உறுதியான செய்தியாக எழுதாதீர்கள். அதே சமயம், 'ரீவ் கதை' எழுப்பும் கேள்விகள் இதனால் தீர்ந்துவிட்டதாகவும் எழுதாதீர்கள்.

கேள்வி: சாசர் இக்கதைகளுக்காக வருந்தினாரா?

பதில்: நூலின் இறுதியில், பாவத்தின் பக்கம் சாயும் கதைகளுக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். 'மில்லர் கதை'க்கு முன்னாலேயோ, கேட்க விரும்பாதவர் ஏட்டைப் புரட்டி வேறு கதையைத் தேர்ந்துகொள்ளட்டும் என்கிறார். இரண்டு இடங்களையும் உண்மையான குரல்களாகவே நான் வாசிக்கிறேன்.

கேள்வி: தேர்வில் இந்த உறுப்புகளையும் செயல்களையும் எந்தச் சொல்லால் குறிப்பது?

பதில்: மூலத்தில் உள்ள சொல்லை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதி, அதன் பொருளை ஒரு முறை நேராகச் சொல்லிவிடுங்கள். புள்ளி வைத்து மறைத்தால், நீங்கள் சிலேடையைப் புரிந்துகொண்டீர்களா என்பதைத் திருத்துபவர் அறிய முடியாது.