சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிகிறது, பல்பு கோளாறா?

பல்பைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போக வேண்டாம். குண்டு பல்பு இருந்தவரை எதுவும் தெரியவில்லை, எல்இடி மாட்டிய பிறகுதான் இப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் கோளாறு வயரிங்கில் முன்பே இருந்திருக்கும், இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீடு. கட்டுத்தரையில் இருந்த 60 வாட் குண்டு பல்பை எடுத்துவிட்டு 9 வாட் எல்இடி போட்டோம். அன்று இரவு அணைத்த பிறகும் ஓட்டுக்கு அடியில் லேசாக வெளிச்சம். "அதைக் கழட்டிப்போடு கண்ணு, மாடு படுக்காம நிக்குது" என்றார் அம்மிச்சி. மாமா சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏணியில் ஏறினார். பல்பைக் கழற்றும்போது விரல் ஹோல்டர் பின்னில் பட்டு, ஷாக் அடித்து, ஏணியோடு சரிந்து தோளில் நல்ல அடி.

காரணம் இதுதான்: சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் இருக்க வேண்டும், அங்கே அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் இருந்தது. அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அதிலிருந்து வயரின் நீளம் வழியாகவும் ஈரச் சுவர் வழியாகவும் துளி மின்சாரம் கசியும். 60 வாட் பல்பு எரியக் கால் ஆம்பியர் வேண்டும், அந்தக் கசிவுக்கு அதன் இழை சிவக்கக்கூடச் செய்யாது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும், உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சேர்ந்து சேர்ந்து மினுங்கும். ஐப்பசி மழையில் இது இன்னும் கூடும்.

முதலில் உங்கள் சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் வழியாகப் போகும் மின்சாரமே இதைச் செய்யும், இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் மாற்றினால் சரியாகிவிடும். இல்லையென்றால் மெயினை அணைத்துப் பல்பைக் கழற்றுங்கள். பிறகு மெயினைப் போட்டு, டெஸ்டரை வேறொரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு, விளக்குச் சுவிட்ச் ஆஃபிலேயே இருக்க, ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டரை வையுங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது. மங்கலாக மட்டும் எரிந்தால் பக்கத்து வயரிலிருந்து வரும் தூண்டல் மின்சாரமாக இருக்கலாம். மாடிப்படியில் ஒரே விளக்குக்கு மேலும் கீழும் சுவிட்ச் வைக்கும் டூவே வயரிங்கில் இது சகஜம், அதில் அவ்வளவு ஆபத்தில்லை.

அப்புறம் வீட்டின் மூன்று பின் பிளக்குகளையும் பாருங்கள். எர்த் ஓட்டை மேலே இருக்க, நேரே நின்று பார்த்தால் வலது ஓட்டையில்தான் டெஸ்டர் எரிய வேண்டும். எல்லா பிளக்கிலும் இடதில் எரிந்தால் மெயின் போர்டிலேயே ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறது, அதை நீங்கள் தொடாதீர்கள், லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஒரே ஒரு விளக்கில் மட்டும் என்றால் மாற்றம் அந்தச் சுவிட்ச் பெட்டியிலோ ஜங்ஷன் பெட்டியிலோதான் இருக்கும்.

எங்கள் கட்டுத்தரைப் பெட்டியைத் திறந்தபோது எறும்பு மண் கட்டியிருந்தது, வந்த இரண்டு வயரும் சிவப்பு. நியூட்ரலுக்குக் கறுப்பு போடாமல் மீதி இருந்த சிவப்பையே இழுத்துவிட்டார்கள், எது எதென்று பார்த்துத் தெரிய வழியே இல்லை. சரி செய்த வயர்மேன் நியூட்ரல் முனையில் கறுப்பு டேப் சுற்றி வைத்தார். கூடவே, மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னோம், பழைய வீடென்றால் நீங்களும் தயவுசெய்து போட்டுவிடுங்கள்.

ஹோல்டரில் டெஸ்டர் எப்படி எரிந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம். அதுவரை அந்தப் பல்பை மெயினை அணைக்காமல் யாரும் தொட வேண்டாம்.